சோல்வே நட்ட மரச்சட்டம்

சியாம்பாலா வனக்காவல் முகாமின் பெரிய ரைஃபிளை, குறி பார்க்கும் சிமெண்டு மேஜையில் உட்கார்ந்து சுடுவதைவிடக் கழுதையிடம் உதை வாங்கலாம் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். கழுதை உதைத்துவிட்டுத் தன் வழியே போய்விடும். ரைஃபிளையோ மறுபடி எடுத்துத் தோளில் வைத்தாக வேண்டும்.

யானைக்கும் காட்டெருமைக்கும் என்றே செய்த துப்பாக்கி அது. தோட்டா நடுவிரல் நீளம், கட்டைவிரல் தடிமன். முகாமின் துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பூட்டி வைத்து, குறி சரிபார்த்துக் கொடுப்பது பெண் காவலர் சோல்வேயின் வேலை. சுடுவது மூத்த காவலர் முன்சாக்காவின் வேலை. கீழே கரிபா ஏரி வரைக்கும் உள்ள ஊர்களில் யானை வயலுக்குள் இறங்கினால் முதலில் கூப்பிடுவது முன்சாக்காவைத்தான்.

போன வருஷம் சோளம் முற்றிய சமயத்தில், முப்பதடி தூரத்தில் நின்ற ஓர் ஆண் யானையின் நெற்றிக்கு அவர் வைத்த குண்டு தாடைக்கும் கீழே போயிற்று. யானை புதருக்குள் ஓடிவிட்டது. காயம்பட்ட யானையை அப்படியே விட முடியாது. மறுநாள் தடம் பார்க்கிற சியபீன்சுவை முன்னால் விட்டுக்கொண்டு தேடிப் போனார்கள். யானை பக்கவாட்டிலிருந்து வந்தது. மூன்று பேர் சேர்ந்து அதைச் சாய்ப்பதற்குள் சியபீன்சுவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப் போயிருந்தது.

"குறி நகந்திருந்தது," என்றார் முன்சாக்கா. "நான் வெச்ச எடத்துக்குக் குண்டு போகல."

குறி நகர்ந்திருந்தால் பொறுப்பு யாருடையது? சோல்வேயுடையது. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். சிமெண்டு மேஜையில் உட்கார்ந்து, மணல் மூட்டையில் ரைஃபிளை வைத்து நாலு குண்டு சுட்டார். இரண்டாவது குண்டுக்கே தன் கட்டைவிரல் மூக்கில் இடித்து ரத்தம் கொட்டியது. காகிதத்தில் ஓட்டைகள் திசைக்கொன்றாக விழுந்திருந்தன. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "குறி போச்சு, தெளிவாத் தெரியுது," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த வருஷம் துணைத் தலைமைக் காவலராக ஆகியிருக்க வேண்டிய சோல்வே ஆகவில்லை.

அவளும் அந்த மேஜையில் சுட்டுப் பார்த்தாள். அவள் குண்டுகளும் சிதறின. துப்பாக்கி சிதறடிக்கிறதா, தன் தோள் சிதறடிக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை. ரைஃபிளைப் பூட்டி வைத்தாள். கிணற்றுக் குழாயடியில் சியபீன்சுவின் மனைவி முட்டிண்டா, வரிசையில் இருக்கும் சோல்வேயின் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள். வருஷம் முழுக்க அப்படித்தான் நடந்தது. சோல்வே காத்திருந்து பிடித்துக்கொண்டு போவாள். அவள் கணவனுக்கு ஏரியில் கப்பெந்தா என்னும் பொடிமீன் பிடிக்கும் படகில் வேலை. வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு மாமியார், பத்து ஆடுகள். சண்டை போட அவளிடம் தெம்பு மிச்சமில்லை.

இந்த வருஷம் மழை முடியும் தருவாயில் முகாமின் இன்னொரு யானைத் துப்பாக்கியின் மரக்கட்டை பிளந்துவிட்டது. வயர்லெஸ்ஸில் அதிகாரி சொன்னார்: "பெருசை வெளில எடுங்க. குறியைச் சரி பண்ணிட்டு யூஸ் பண்ணுங்க."

சரி பண்ணு என்றால் எந்தப் பக்கம் நகர்த்துவது? அது எங்கே சுடுகிறது என்று தெரிந்தால்தானே நகர்த்த முடியும்? அன்று முழுக்க அவள் இதையே யோசித்தாள். உட்கார்ந்து மேஜை மீது குனிந்து சுடும்போது உடம்பு பின்னால் போக வழியில்லை. உதை முழுவதும் தோள் எலும்பில் இறங்குகிறது. நின்றுகொண்டு வாங்கினால் காற்றில் நாணல் சாய்கிற மாதிரி உடம்பு சாய்ந்து கொடுக்கும். ஆனால் வெறுங்கையால் நின்று சுட்டால் குழல் ஆடும். ஆகவே, நிற்கிற ஆளின் மார்பு உயரத்துக்கு ரைஃபிளைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது வேண்டும்.

காலையில் கோடரியோடு போய் மோபானே மரத்தில் கை கனத்துக்கு நாலு கம்பங்களும் குறுக்குக்கு இரண்டும் வெட்டினாள். மோபானே இரும்பு மாதிரி. நாலாவது கம்பம் வெட்டி முடிப்பதற்குள் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பிவிட்டது. ஆற்றுமேட்டுக்கு முன்னால், சிமெண்டு மேஜைக்குப் பக்கத்திலேயே குழி தோண்டினாள். ஒரு முழத்துக்குக் கீழே கடப்பாறை கல்லில் இடித்தது. நகர்த்தித் தோண்டினாள். அங்கேயும் கல்.

ஊன்றுகட்டையை அக்குளில் செருகிக்கொண்டு சியபீன்சு வந்தான். காலை ஆஸ்பத்திரியில் எடுத்த பிறகு அவன் முகாம் வாசலில் சோப்பும் உப்பும் செல்போன் அட்டையும் விற்றுக்கொண்டிருந்தான். அவன் குலமும் அவள் குலமும் கேலிமுறை. ஒருத்தரை ஒருத்தர் என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது, சாவு வீட்டில்கூட.

"ஏ கிழவி, யாருக்குத் தூக்குமரம் நடுற?"

"உனக்குத்தான். ஒத்தக்காலை மட்டும் தொங்கவிட்டா போதும், கயிறு மிச்சம்."

"குழி தோண்டுற அழகைப் பாரு. எறும்புத்தின்னி வெக்கப்பட்டுச் செத்துரும்."

"வாயால தோண்ட முடியும்னா உன்னைக் கூப்பிட்டிருப்பேன்."

அவன் சிரித்துக்கொண்டு சிமெண்டு மேஜையில் ஏறி உட்கார்ந்தான். போகவில்லை. அவள் கம்பங்களை நட்டுக் கல்லும் மண்ணும் போட்டு இடித்தாள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன் கம்பங்களில் வரிசையாகத் துளை போட்டு முளை அடித்து, அதன் மேல் குறுக்குக்கட்டையை வைத்தாள். முளையை மாற்றினால் குட்டையான ஆளுக்கும் நெட்டையான ஆளுக்கும் உயரம் சரிவரும். பின்னால் உள்ள குறுக்குக்கட்டை கொஞ்சம் தாழ்வு. துப்பாக்கியின் அடிக்கட்டைக்கும் வலது முழங்கைக்கும் அது. பழைய சீருடைக் கால்சட்டையின் கால்களை வெட்டி, ஆற்றுமணல் நிரப்பித் தைத்து, மேலே போட்டாள்.

இரண்டாம் நாள்தான் முதல் குண்டைச் சுட்டாள். சட்டம் முழுவதும் ஆடியது. ஓட்டை காகிதத்துக்கு மேலே, பலகையில் விழுந்திருந்தது.

"ஆனை பறந்து வந்தா சரியா இருக்கும்," என்றான் சியபீன்சு.

அவள் கம்பங்களுக்கு இடையே குறுக்காகக் கம்பி இழுத்து முறுக்கினாள். முன் மூட்டையைத் தட்டிப் பார்த்தாள். மணலை அடைத்து அடைத்துக் கல்லாக்கி வைத்திருந்தாள். கல் மேல் வைத்துச் சுட்டால் குழல் துள்ளத்தான் செய்யும். பாதி மணலைக் கொட்டினாள். இந்தமுறை இடது கையால் ரைஃபிளின் முன்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். நேராக நின்று, ஒரு காலை முன்வைத்து, லேசாகச் சாய்ந்து, குழல் நுனியில் உள்ள முன்மணியைப் பின்குறியின் பள்ளத்தில் உட்காரவைத்து, விசையை மெல்ல மெல்ல இழுத்தாள்.

உதை வந்தது. உடம்பு ஒரு அடி பின்னால் போய்த் திரும்பி வந்தது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் மேஜையில் பற்கள் வரைக்கும் போகிற அந்த வலி இல்லை.

இன்னும் இரண்டு சுட்டுவிட்டு ஐம்பது மீட்டர் நடந்து போய்ப் பார்த்தாள். மூன்று ஓட்டைகளையும் ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம். கறுப்பு வட்டத்துக்கு நட்டநடுவில்.

ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த ரைஃபிள். அதிகாரி குறியைத் தொடவில்லை, அவளும் தொடவில்லை. காகிதத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். சந்தோஷம் வரும் என்றுதான் நினைத்திருந்தாள். கால் வலித்தது, உட்கார வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

சியபீன்சு இன்னும் மேஜையில் உட்கார்ந்திருக்க, சாயங்காலம் முன்சாக்கா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உயரம். நடக்கும்போது வலது தோள் கொஞ்சம் முன்னால் தொங்கும்.

"என்னம்மா இது, ஆடு கட்டவா?"

"குறி பாக்கண்ணே. நின்னுக்கிட்டுச் சுடலாம். என் தோளு தாங்கல. நீங்களும் மூணு சுட்டுப் பாருங்க."

உயரத்துக்குத் தகுந்தபடி முளையை மாற்றினாள். அவர் சட்டத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்க," என்று சொல்லி ரைஃபிளை வைத்தார். மூன்று குண்டு. முதலாவது வட்டத்துக்குக் கீழே ஒரு சாண். இரண்டாவது காகிதத்தின் ஓரத்தில். மூன்றாவது காகிதத்திலேயே இல்லை.

"பாத்தியா," என்றார் முன்சாக்கா. குரலில் பலம் இல்லை. "இன்னும் அதே கதைதான்."

"இன்னொண்ணு சுடுங்கண்ணே. நான் போட்டுத் தரேன்."

அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு தோட்டாவைப் போட்டாள். சட்டைப்பையிலிருந்து அவள் எடுத்தது காலையில் சுட்ட காலிக் கூடு. மூடிக் கொடுத்தாள். அவர் வாங்கி, மூட்டையில் வைத்து, கன்னத்தைக் கட்டையில் பதித்தார்.

டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. குண்டு இல்லை, உதை இல்லை. ஆனாலும் முன்சாக்காவின் கண்கள் இறுக மூடியிருந்தன, தோள் காதுவரை ஏறியிருந்தது, குழல் மணல்மூட்டைக்குள் முகம் புதைத்து நின்றது.

ஏரிப் பக்கமிருந்து மீன்படகின் எஞ்சின் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"வெறுங்கூட்டைப் போட்டியா?" என்றார் முன்சாக்கா.

"ஆமாண்ணே."

"கண்ணை மூடினேனா?"

"மூடினீங்க."

அவர் ரைஃபிளை மெதுவாகப் படுக்கவைத்துவிட்டு வந்து சிமெண்டு மேஜையில் சியபீன்சுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேஜையை உள்ளங்கையால் தடவினார். "கண்ணு மூடுறது இதுலதான் ஆரம்பிச்சிருக்கணும். நீ வர்றதுக்கு முன்னாடி வருஷா வருஷம் எல்லா முகாம் துப்பாக்கிக்கும் நான்தான குறி பாத்தேன். ஒரு நாளைக்கு இருபது, முப்பது. யாரும் மாத்திக்க வரல." கையை மேஜையிலிருந்து எடுத்துவிட்டு, "பொய் சொல்லணும்னு சொல்லல, சோல்வே. குறி நகந்துடுச்சுன்னு அன்னிக்கு நெசமாவே நம்பினேன்," என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் நம்புறதை விட முடியல."

அவள் சியபீன்சுவைப் பார்த்தாள். கால் போனவன் அவன். கத்த வேண்டும் என்றால் அவன்தான் கத்த வேண்டும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நான் அண்ணன் பக்கத்துல நின்னேன்ல. வெடிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணு மூடிடுச்சு."

முன்சாக்கா தலையைத் தூக்கவில்லை. சோல்வேக்குத்தான் புரிய நேரமாயிற்று. "தெரிஞ்சும் வாயைத் தொறக்கலியா நீ?"

"தொறந்தா இவருகிட்டருந்து துப்பாக்கியப் புடுங்கிருவாங்க. வேற யாரு இருக்கா இங்க? ஆனை வந்தா நான் இந்தக் கட்டைய வெச்சிக்கிட்டுத் தொரத்தவா?"

"சரி. நான்?"

"நீ ஒரு வார்த்தை பேசலியேக்கா." கிழவி என்று அவன் சொல்லவில்லை. "நீ தாங்கிக்கிட்ட. உனக்கு அது பெருசாப் படலேன்னு நெனச்சேன்."

"உன் பொண்டாட்டி தெனம் என் குடத்தைக் காலால தள்ளிட்டுத் தண்ணி புடிக்கிறா. உன் கடைலருந்து பாத்தா குழாயடி தெரியும். தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"பாத்துக்கிட்டுதானே உக்காந்திருந்த?"

அவன் ஊன்றுகட்டையால் மண்ணைக் கீறினான். கேலிமுறையில் இதற்குப் பதில் கிடையாது. அவள் ரைஃபிளை எடுத்துத் துடைத்தாள். குழலுக்குள் துணி விட்டு இழுத்தாள். எப்போதும் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஊர்க்கூட்டத்துல சொல்லணும். ரெண்டு பேரும். எங்கிட்ட சொன்னது பத்தாது."

கூட்டம் பள்ளிக்கூடத்து மரத்தடியில் நடந்தது. முன்சாக்கா எழுந்து நின்று நாலே வாக்கியத்தில் சொன்னார். ரைஃபிள் சரியாகத்தான் இருந்தது, நான்தான் தப்பாகச் சுட்டேன், சோல்வே மேல் பழி போட்டது தவறு, சியபீன்சுவின் கால் என்னால் போயிற்று. சியபீன்சு உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எனக்கும் தெரியும், நானும் மறைச்சேன்," என்றான். கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. பிறகு, ஆற்றோரம் வயல் வைத்திருக்கும் லுயாண்டோவின் அம்மா கையைத் தூக்கினாள்.

"அதெல்லாம் சரி. இனிமே ஆனைய யாரு சுடுவா?"

கூட்டம் முழுக்க அதற்குத்தான் காத்திருந்தது போல எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சோல்வேயைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் குழாயடியில் முட்டிண்டா அவளைக் கண்டதும் பாதி நிறைந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். வெட்கமா கோபமா, தெரியவில்லை. சோல்வே அந்தக் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை நிரப்பிக்கொண்டாள். அவளுடையதையும் நிரப்பி வைக்கும் அளவுக்கு மனசு வரவில்லை.

வயர்லெஸ்ஸில் சோல்வே சொன்னதை அதிகாரி கேட்டுவிட்டு, "வேற ஆளு அனுப்ப முடியாது. நீங்களே சுடுங்க," என்றார். முடியுமா என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்ததும் அவள் அந்தச் சட்டத்துக்கு முன்னால் நின்றாள். பெரும்பாலும் காலிக் கூடுதான். நடுநடுவே சொல்லாமல் ஒரு நிஜத் தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார் முன்சாக்கா. அவள் கண் மூடுகிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. மூடினால் சொல்லுவார், அவள் திட்டுவாள், மறுபடி ஆரம்பிப்பார்கள். பிறகு மூட்டைகளை எடுத்துவிட்டு, சட்டம் இல்லாமல் வெறுங்கையால். வலது தோள் முதலில் கறுத்து, அப்புறம் மஞ்சளாகி, மறுபடி கறுத்தது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. அவளுக்குப் பிறகு முன்சாக்காவும் காலிக் கூடு போட்டுப் பழகினார். பத்துக்கு ஆறு முறை கண் மூடியது. பிறகு ஐந்து. அதற்குக் கீழே இறங்கவில்லை.

சோளக்கதிர் சிவந்தபோது யானைகள் வந்தன. விடியும் நேரத்தில் லுயாண்டோவின் அம்மா ஓடி வந்து முகாம் கதவைத் தட்டினாள். "வேலியப் பேத்துட்டு உள்ள நிக்குது. தகரம் தட்டினா என்னையே தொரத்துது. தானியக் கிடங்கை ஒடைச்சிருச்சு."

முகாம் ஜீப்பில் டீசல் இல்லை. நடந்தே போனார்கள். சோல்வே கையில் பெரிய ரைஃபிள். முன்சாக்கா காவலர்களின் சின்ன ரைஃபிளோடு பின்னால் வந்தார்.

"நான் சுட மாட்டேன்," என்றார். "உன்மேல வந்தா மட்டும்."

"அப்பயாவது கண்ணைத் தொறந்து வெச்சிருங்கண்ணே."

அவர் சிரித்த மாதிரி இருந்தது.

வயலின் நடுவில் தனி ஆண் யானை நின்றது. தும்பிக்கையால் கதிர்களைக் கொத்தாக இழுத்து, வேர் மண்ணைக் காலில் தட்டித் தின்றுகொண்டிருந்தது. காற்று யானைப் பக்கமிருந்து வந்தது. இருபது அடி தூரம் வரை போனாள். அது திரும்பிக் காதை விரித்தபோதுதான் எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. முதலில் ஒரு குண்டு வானத்தில் சுட்டாள். போய்விடட்டும் என்று மனசார நினைத்தாள். அது போகவில்லை. தலையைத் தாழ்த்தி இரண்டடி முன்னால் வைத்தது.

அடுத்த தோட்டாவை ஏற்றினாள். முன்மணி பள்ளத்தில் உட்கார்ந்தது. எப்போது இழுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உதை வந்து உடம்பு சாய்ந்து திரும்பியபோது, யானை முதலில் பின்னங்கால்கள் மடங்கி, பிறகு முழுதாக உட்கார்ந்து, பக்கவாட்டில் சரிந்தது. காதுக்குப் பின்னால் போய் நின்று இன்னொரு குண்டு வைத்தாள். அப்படித்தான் செய்ய வேண்டும்.

"கண்ணு தொறந்திருந்தது," என்றார் முன்சாக்கா.

"எல்லாத்தையும் பாத்தேன். மூடியிருந்தா நல்லாருந்திருக்கும் போல," என்றாள்.

வெயில் ஏறுவதற்குள் ஊரே கத்தியும் பாத்திரமுமாக வந்துவிட்டது. இறைச்சியைப் பங்கு போடுகிற சத்தம், பிள்ளைகளின் கூச்சல். சியபீன்சு யாருடைய கழுதை வண்டியிலோ ஏறி வந்து, "கிழவி, நல்ல தொடைக்கறியா எனக்கு எடுத்து வை, எனக்கு ஒரு கால் கம்மி," என்று தூரத்திலிருந்தே கத்தினான். அவள் கையை மட்டும் ஆட்டினாள். லுயாண்டோவின் அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிப்பதற்குள், "வேலிய யாரு கட்டித் தருவா? உங்க ஆபீசுலருந்து ஆளு வருமா?" என்று கேட்டாள்.

"கேட்டுச் சொல்றேம்மா."

"போன வருஷமும் கேட்டுச் சொல்றேன்னுதான் சொன்னாங்க."

சோல்வே சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். தந்தங்களை வெட்டி முகாமுக்குக் கொண்டுபோக ஆள் நிறுத்திவிட்டு, ஏரிக்கு மேலே போகிற மண்சாலையில் ஏறினார்கள். ஒரு மணி நேர நடை. நிழல் இல்லை. ரைஃபிளின் வார் சரியாகக் காயத்தின் மேலேயே உட்கார்ந்து அறுத்தது. அவள் அதை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள், திரும்ப மாற்றினாள்.

"குடு, நான் தூக்கிட்டு வரேன்," என்றார் முன்சாக்கா.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தோட்டாக்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, ரைஃபிளை மட்டும் அவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு துப்பாக்கிகளையும் தோளுக்கொன்றாக மாட்டிக்கொண்டார். வீட்டில் ஆடுகளை இன்னும் யாரும் அவிழ்த்து விட்டிருக்க மாட்டார்கள் என்ற நினைப்பு வந்ததும் அவள் கொஞ்சம் வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.